வீடு கட்டுபவர், குண்டு எடுத்தவர்

வீட்டுக்கு வரைபடம் போட்டுத் தருகிற ஒருவர் வெடிகுண்டைப் பிரித்துப் போடுவார் என்றால் நம்புவீர்களா?

ஸ்டூவர்ட் ஆர்ச்சர், இங்கிலாந்தின் கட்டடக் கலைஞர். இரண்டாம் உலகப் போர் வந்ததும் ராணுவத்தின் வெடிகுண்டு அகற்றும் பிரிவில் சேர்ந்தார். 1940 செப்டம்பரில் வேல்ஸின் ஸ்வான்ஸீ அருகே ஓர் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. விமானத்திலிருந்து போட்ட ஜெர்மன் குண்டு ஒன்று வெடிக்காமல் கிடக்கிறது. பக்கத்திலேயே எண்ணெய்த் தொட்டிகள் கொழுந்துவிட்டு எரிகின்றன. அந்த அனலில் நிதானமாக உட்கார்ந்து குண்டின் பின்தகட்டைக் கழற்றினார். உள்ளே பார்த்தால், ஃபியூஸுக்குக் கீழே இன்னொரு பொறி! ஃபியூஸை உருவினால் அங்கேயே வெடிக்க வேண்டும், எடுக்க வந்தவரும் சாக வேண்டும் என்றே வைத்தது. எவ்வளவு கொடூரமான யோசனை பாருங்கள். அதையும் சேதமில்லாமல் வெளியே எடுத்து, ஆராய்கிறவர்களிடம் சேர்த்தார் ஆர்ச்சர். அடுத்த குண்டுக்குப் போகிற வீரர், உள்ளே என்ன காத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு போகலாம் அல்லவா?

மறு ஆண்டே அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது. போர் முடிந்ததும் பழையபடி கட்டட வேலைக்கே திரும்பிவிட்டார். 2015-இல் மறைந்தபோது அவருக்கு வயது நூறு!