உருகிய உலோகத்துக்கு ஒரு வடிகட்டி

சிம்மக்கல் பக்கத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். வைகை வறண்ட நாட்களில் மணலைத் தோண்டி ஊற்று நீர் எடுத்ததைச் சொல்வார்கள். கலங்கல் நீரும் மணலுக்குள் இறங்கினால் தெளிந்துவிடும். இத்தனைக்கும் மணற்பருக்கைகளுக்கு இடையிலுள்ள சந்து களிமண் துகளைவிடப் பெரியது! வளைந்து வளைந்து செல்லும் வழியில் துகள் ஏதாவதொரு பருக்கையில் பட்டு ஒட்டிக்கொள்கிறது, அதுதான் இரகசியம்.

உருகிய அலுமினியத்தையும் இதே முறையில் சுத்தம் செய்கிறார்கள். நம் மேட்டூரிலும் 1965 முதல் 2008 வரை அலுமினியம் உற்பத்தியானது. எங்கே உருக்கினாலும், வார்க்கும் முன் அதிலுள்ள மாசை நீக்கியாக வேண்டும். குளிர்பானக் கேனின் சுவர் சுமார் 0.1 மில்லிமீட்டர் கனமே உடையது. உலோகத்தில் ஒரு சிறு மாசு இருந்தாலும் அங்கே ஓட்டை விழலாம்.

கேனுக்கான அலுமினியத்தில் சிறிது மக்னீசியம் சேர்ப்பார்கள். உருகிய உலோகத்தில் கரைந்துள்ள சோடியம் போன்றவற்றை அகற்றக் குளோரின் வாயுவைச் செலுத்தும்போது, மக்னீசியம் குளோரைடும் உண்டாகிறது. இது 714 டிகிரி செல்சியசில் உருகும் உப்பு. ஆகவே அதைவிடச் சூடான உலோகத்தில் நுண்ணிய திரவத் துளிகளாகத் திரியும். சல்லடை இதற்கு உதவாது. திரவத் துளி நெளிந்து கண் வழியே நழுவிவிடும்.

தானாக மிதந்து வராதா? உப்பின் அடர்த்தி ஏறத்தாழ 1.7, உலோகத்தினுடையது 2.4. மிதக்கத்தான் வேண்டும். ஆனால், ஸ்டோக்ஸ் 1851-இல் தந்த விதிப்படி, துளி ஏறும் வேகம் அதன் ஆரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் உள்ளது. பத்தில் ஒரு பங்கு ஆரமுள்ள துளி நூறு மடங்கு மெதுவாக ஏறும். அதற்குள் உலோகம் அச்சுக்குள் போய்விடும்!

எனவே துளிகளைப் பெரிதாக்க வேண்டும். தொட்டியில் அலுமினா உருண்டைகளை நிரப்பி, அவற்றை முன்கூட்டியே நன்கு சூடாக்குகிறார்கள். ஈரம் இருந்தால் நீராவி வெடித்து உயிருக்கே ஆபத்து. பிறகு உலோகத்தை அதனூடே செலுத்துகிறார்கள். உருகிய அலுமினியம் இந்த உருண்டைகளில் ஒட்டுவதில்லை, தாமரை இலைமேல் தண்ணீர் போல. உப்போ, கண்ணாடிமேல் தண்ணீர் போலப் படர்ந்து ஒட்டுகிறது. ஒட்டிய துளிகள் ஒன்றுசேர்ந்து பருத்து, விடுபட்டு, விரைவாக மேலே மிதக்கின்றன. அவற்றை வழித்தெடுத்துவிடலாம்.

வீட்டில் ஒரு சோதனை: பாட்டிலில் தண்ணீரும் சிறிது எண்ணெயும் விட்டுக் குலுக்குங்கள். முதலில் மேலே வருவது எந்தத் துளி? கவனித்துப் பாருங்கள்; விதியைக் கண்ணாலேயே கண்டுகொள்வீர்கள்.