ஏன் இன்னொரு ஊசி?



"கையிலேதான் ஏற்கெனவே ஊசி இருக்கிறதே சிஸ்டர், அதிலிருந்தே இரத்தம் எடுக்கக் கூடாதா?" நெல்லித்தோப்பிலிருந்து ஜிப்மருக்கோ வேறு மருத்துவமனைக்கோ போய்வரும் குடும்பங்களைச் சந்திக்கையில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. பிள்ளை மறுபடியும் குத்தப்படுவதைப் பார்க்கும் தாய் வேறெப்படிக் கேட்பாள்? ஆனால் நர்ஸ் மறு கையைத் தேடுவதற்குக் காரணம் உண்டு.

டிரிப் இறங்கும் குழாயில் எடுத்த இரத்தத்தில் டிரிப்பும் கலந்துவிடும். குளுக்கோஸ் பாட்டிலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து சதவீதக் கரைசலில் 100 மில்லிக்கு 5,000 மில்லிகிராம் சர்க்கரை இருக்கிறது. நம் இரத்தத்திலோ அதே 100 மில்லிக்குச் சுமார் 100 மில்லிகிராம்தான். ஒன்பது பங்கு இரத்தத்தோடு ஒரு பங்கு கரைசல் சேர்ந்தாலே பரிசோதனையில் சர்க்கரை ஏறத்தாழ 590 என்று வரும். அந்தத் தாளை நம்பி இன்சுலின் போட்டால், இல்லாத சர்க்கரையைக் குறைக்கப்போய் நோயாளி நினைவிழப்பார், உயிருக்கே ஆபத்து. உப்புச் சலைன் கலந்தால் இரத்தம் நீர்த்து, ஹீமோகுளோபின் குறைந்ததுபோலத் தோன்றும். மெல்லிய குழாய் வழியே இழுக்கும்போது சிவப்பணுக்கள் உடைவதும் உண்டு. அப்போது பொட்டாசியம் பொய்யாக ஏறும்.

இரு கைகளிலும் டிரிப் ஓடினால், இரண்டு நிமிடமாவது அதை நிறுத்திவிட்டு, ஊசி இருக்கும் இடத்துக்குக் கீழே, விரல் பக்கமாக எடுப்பார்கள்.

விதிவிலக்கு இல்லாமலில்லை. குழாயை முதன்முதலாகப் போடும்போது, டிரிப் இணைக்குமுன், அதிலேயே இரத்தம் எடுக்கலாம். குழந்தைகளுக்கு இதனால் ஒரு குத்து மிச்சம். புற்றுநோய்ச் சிகிச்சைக்கென்று மார்பில் மாதக்கணக்கில் வைக்கும் நீண்ட குழாயிலும் எடுக்கலாம். 1979-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டாக்டர் ஹிக்மன் அறிவித்த குழாய் இதற்காகவே அகலமாக்கப்பட்டது. அதிலும் பெரியவர்களுக்கு முதலில் வரும் சுமார் 5 மில்லியைக் கழித்துவிடுவார்கள். ஒரு கிலோ எடையில் பிறந்த சிசுவுக்கு அப்படிச் செய்ய முடியுமா? அதன் உடலில் உள்ள மொத்த இரத்தமே 80, 90 மில்லிதான்! அங்கே அந்தத் துளிகளையும் வீணாக்காமல் சுத்தமாகத் திருப்பிச் செலுத்துகிறார்கள். குழாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கிருமி நேரே இரத்தத்துக்குள் போக வழி பிறப்பதால், அதன் வாயை ஸ்பிரிட்டால் அழுத்தித் துடைத்த பிறகே தொடுவார்கள்.

நீங்கள் வார்டில் துணைக்கு இருந்தால், எந்தக் கையில் எந்த பாட்டில் ஓடுகிறது என்று இரத்தம் எடுக்க வருபவரிடம் சொல்லிவிடுங்கள். இரவு நேரத்தில் போர்வைக்குள் இருக்கும் கை அவர் கண்ணில் படாமல் போகலாம்.