தோற்கத் தெரிந்தவர்கள்

அவர் பெயர் எனக்குக் கடைசி வரை தெரியாது. வயது நாற்பத்தைந்து இருக்கலாம். கசங்கின அரைக்கைச் சட்டை, ரப்பர் செருப்பு, பாக்கெட்டில் ஏதோ லாரி புக்கிங் ஆபீஸ் ரசீது. எங்கள் காலேஜுக்கு எதிர் மாடியில் இருந்த பூல் பார்லருக்குள் 2009-ஆம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தயங்கித் தயங்கி நுழைந்து, "தம்பி, இது எப்படி ஆடறது? கேரம் மாதிரிதானே?" என்று கேட்டார்.

நான் அப்போது பி.காம். இரண்டாம் வருஷம். பார்லரில் நான்தான் ராஜா என்று நினைப்பு. பாக்கெட்டில் பரீட்சை ஃபீஸ் 1,250 ரூபாய் இருந்தது.

முதல் ஆட்டத்துக்கு ஐம்பது ரூபாய் பந்தயம். நான் ஜெயித்தேன். அடுத்தது நூறு. அதுவும் எனக்கே. "பயங்கரமா ஆடறீங்க தம்பி" என்றார். மூன்றாவது ஆட்டம் இருநூறு. கடைசியில் மிச்சம் இருந்த கறுப்புப் பந்தை அவர் ஏதோ தெரியாத்தனமாகத் தட்ட, அது இரண்டு பக்கம் மோதித் திரும்பிவந்து குழியில் விழுந்தது. "அட, விழுந்துருச்சே!" என்று என்னைவிட அவர்தான் அதிகமாக ஆச்சரியப்பட்டார். அப்புறம் நானூறு. அப்புறம் எண்ணூறு. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு பந்து வித்தியாசம்.

கணக்குப் பாருங்கள். 200, 400, 800 கூட்டினால் 1,400. என் 1,250, முதலில் அவர் எனக்குத் தோற்ற 150. பைசா சுத்தமாக டேலி ஆகிறது! முதல் ஆட்டத்துக்குப் பணம் எடுக்கும்போது கட்டு மொத்தத்தையும் அவர் முன்னால் எண்ணிக் காட்டின புத்திசாலி நான்தான்.

வீட்டில், பஸ்ஸில் பிக்பாக்கெட் அடித்துவிட்டான் என்று சொன்னேன். அப்பா திட்டவில்லை. மறுநாள் அரை நாள் லீவு போட்டு டெப்போவுக்குப் போய், நான் சொன்ன பஸ்ஸின் கண்டக்டரைத் தேடிப்பிடித்து விசாரித்துவிட்டு வந்தார். "பாவம்டா, அவருக்கும் ஒண்ணும் தெரியலையாம்" என்றார். அந்த "பாவம்டா" எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை.

சில வருஷம் கழித்து, அமெரிக்காவின் பழைய பூல் ஆட்டக்காரர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். நாலு பக்கம் தாண்டுவதற்குள் கையும் களவுமாக அகப்பட்டார் என் லாரி புக்கிங் ஆசாமி. அங்கே இவர்களுக்கு ஹஸ்லர் என்று பெயர். தமிழில் சூதாடி என்றால் பொருந்தாது. சூதாடி அதிர்ஷ்டத்தை நம்புகிறவன். ஹஸ்லர் அதை ஒரு நாளும் நம்பாதவன்.

பூல் என்ற பெயரே பந்தயத்திலிருந்து வந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் குதிரைப் பந்தயத்துக்குப் பணம் கட்டுகிற கடைகள் இருந்தன. எல்லோருடைய பணமும் சேர்கிற பொதுக் குவியலுக்கு பூல் என்று பெயர். அதனால் கடைக்கு பூல் ரூம். ஒரு ரேஸுக்கும் அடுத்த ரேஸுக்கும் நடுவே பொழுது போகவேண்டுமே என்று பில்லியர்ட்ஸ் மேஜை போட்டார்கள். குதிரை போய்விட்டது, மேஜையும் பெயரும் நின்றுவிட்டன. (இதன் சித்தப்பா மகனான ஸ்னூக்கர் நம் நாட்டுப் பிறப்பு. 1875-இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி உருவாக்கி, ஊட்டி கிளப்பில் சட்டதிட்டம் எழுதப்பட்ட ஆட்டம். பிற்பாடு பிரதமரானவர் வேறு சேம்பர்லின்.)

நெட் போல்ஸ்கி என்று ஒரு சமூகவியல்காரர். தானும் மேஜையே கதியென்று கிடந்தவர். 1967-இல் வெளியான புத்தகத்தில் இவர்கள் தொழிலை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து வைத்துவிட்டார். ஹஸ்லருக்கு நன்றாக ஆடத் தெரிந்தால் போதாது. எவ்வளவு நன்றாக ஆடத் தெரியும் என்பது வெளியே தெரியக்கூடாது. குழிக்கு அரை அங்குலம் முன்னால் பந்தை நிறுத்தத் தெரியவேண்டும். ஜெயித்தாலும் மூச்சு வாங்கி, மயிரிழையில் ஜெயிக்கவேண்டும். இல்லாவிட்டால் எதிராளி மறுபடி ஆட வரமாட்டானே!

ஆட்டத்தைவிட ஆட்டத்துக்கு முந்தைய பேரம் முக்கியம். ஆளுக்கு ஒரு குழி, அதில் முதலில் எட்டுப் பந்து போட்டவருக்கு வெற்றி என்று ஓர் ஆட்டம் உண்டு. "உனக்கு ஏழு போதும், நான் ஒன்பது போடறேன்" என்று தாராளமாக விட்டுக்கொடுப்பார்கள். அந்தப் பேச்சு முடியும்போதே பாதி ஆட்டம் முடிந்துபோகும். நம் ஊர் மாட்டுத் தரகர்கள் துண்டுக்கடியில் விரலைப் பிடிப்பார்களே, அந்த நுணுக்கம்.

பணம் பெரும்பாலும் ஆடுகிறவருடையது இல்லை. முதல் போட ஒரு முதலாளி இருப்பார். ஜெயித்தால் வழக்கமாகப் பாதிக்குப் பாதி. தோற்றால் நஷ்டம் முழுக்க முதலாளிக்கு. காமர்ஸ் படித்தவனுக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். ஆடுகிறவரும் எதிராளியும் கூட்டுச் சேர்ந்து வேண்டுமென்றே தோற்றால்? அதுவும் நடந்திருக்கிறது. அதற்குத் தனிப் பெயரே வைத்திருந்தார்கள்.

இந்த வம்சத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் டைட்டானிக் தாம்ஸன். நிஜப் பெயர் ஆல்வின் தாமஸ், 1893-இல் பிறந்தவர். கப்பல் மூழ்கின 1912-இல் மிசௌரி மாகாணத்தின் ஜாப்ளின் ஊர் பூல் ரூமில், எதிரில் நின்றவர்களையெல்லாம் மூழ்கடித்ததால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதாம். கோல்ஃபில் வலது கையால் ஆடி ஜெயிப்பார். தோற்றவரிடம், "பாவம், இடது கையால் ஆடுகிறேன், பந்தயம் இரட்டிப்பு" என்பார். எதிராளி துள்ளிக் குதித்து ஒப்புக்கொள்வார். தாம்ஸன் பிறவியிலேயே இடது கைக்காரர்! பந்தை ஐந்நூறு கஜம் அடிக்கிறேன் என்று பந்தயம் கட்டிவிட்டு, குளிர்காலம் வரை காத்திருந்து உறைந்த ஏரியின் மேல் அடித்தார் என்று ஒரு கதை. வழியில் மைல் காட்டும் பலகையை முதல் நாளே பிடுங்கித் தள்ளி நட்டுவைத்து, மறுநாள் காரில் போகும்போது "இந்தப் பலகை தப்பு" என்று பந்தயம் கட்டினார் என்று இன்னொன்று.

சிரிப்புக்கு நடுவே ரத்தமும் உண்டு. 1928-இல் நியூயார்க் சூதாட்டப் பெருந்தலை ஆர்னால்ட் ராத்ஸ்டீன் ஒரு சீட்டாட்டத்தில் மூன்று லட்சம் டாலருக்கு மேல் தோற்றார். ஆட்டத்தில் தில்லுமுல்லு என்று பணம் கொடுக்க மறுத்தார். இரண்டு மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சீட்டாட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் தாம்ஸனும் ஒருவர். மறு வருஷம் கோர்ட்டில் சாட்சி சொன்னார். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலை. இத்தனை ஜெயித்த மனிதர் 1974-இல் டெக்ஸாஸில் ஒரு முதியோர் இல்லத்தில் செத்துப்போனார்.

இவர்கள் எல்லோருக்கும் ஒரே சத்துரு, புகழ். சச்சினுக்கு முகம் தெரிந்தால் விளம்பரம் வரும். ஹஸ்லருக்கு முகம் தெரிந்தால் அடுப்பில் பூனை.

1961-இல் இலினாய் மாகாணத்தில் ஜான்ஸ்டன் சிட்டி என்ற சின்னஞ்சிறு நிலக்கரி ஊரில் ஜான்ஸ்கோ சகோதரர்கள் இருவர் இந்த ஆசாமிகளையெல்லாம் கூப்பிட்டுப் போட்டி நடத்தினார்கள். வருஷா வருஷம் திருவிழா. பகலில் கோப்பைக்காக ஆட்டம், ராத்திரி விடிய விடிய காசுக்காக. போர்க்காலத்தில் நார்ஃபோக் துறைமுகத்தில் கப்பற்படைக்காரர்கள் பணம் புழங்கியபோது தேறியவரான லூதர் லாஸிட்டர் அங்கே பெரிய ஆள். ஆனால் பத்திரிகைகள் வந்தன, டி.வி. வந்தது. கூடவே போட்டோ. 1972-இல் அரசாங்க ஏஜெண்டுகள் புகுந்து பிடிக்க, திருவிழா முடிந்தது.

புகழைக் கண்டு பயப்படாத ஒரே ஆள் ருடால்ஃப் வாண்டரோன். சுமார் முந்நூறு பவுண்டு எடை, ஓயாத வாய். ஊர் ஊராகப் பல குண்டர் பெயர்களில் திரிந்தவர். 1961-இல் 'தி ஹஸ்லர்' படம் வந்தது. பால் நியூமன் நடித்தது. அதில் மினசோட்டா ஃபாட்ஸ் என்று ஒரு குண்டுச் சாம்பியன். பார்த்தார் வாண்டரோன். "அது நான்தான்" என்று சொல்லி, அந்தப் பெயரையே சூட்டிக்கொண்டுவிட்டார்! மூலக்கதை எழுதிய வால்டர் டெவிஸ், டொனால்ட் டக்கை டிஸ்னி உண்டாக்கினதுபோல நான் உண்டாக்கின பாத்திரமய்யா அது என்று தலையில் அடித்துக்கொண்டார். யார் கேட்டார்கள்? பெரிய போட்டி ஒன்றுகூட ஜெயிக்காத மனிதர் அமெரிக்காவிலேயே பிரபலமான பூல்காரர் ஆகிவிட்டார்.

இதில் வயிறு எரிந்தவர் வில்லி மாஸ்கோனி. அவரும் இவரும் ஒரே 1913-இல் பிறந்தவர்கள். மகன் ஆட்டத்தில் கெட்டுப்போவான் என்று அப்பா கழியை ஒளித்துவைக்க, துடைப்பக் கம்பால் உருளைக்கிழங்கைத் தட்டிப் பழகினவர் மாஸ்கோனி. உலகப் பட்டம் பதினைந்து தடவை. 1954-இல் ஒரு தப்புக்கூட இல்லாமல் தொடர்ந்து 526 பந்து போட்டவர். சூட்டு கோட்டு இல்லாமல் மேஜைப் பக்கம் வரமாட்டார். ஹஸ்லர் என்ற சொல்லே ஆகாது. 1978 பிப்ரவரி 14 அன்று நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் இருவரையும் டி.வி.யில் மோதவிட்டார்கள். ஃபாட்ஸ் விடாமல் பேசினார். மாஸ்கோனி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு பந்து போட்டார், சுலபமாக ஜெயித்தார். மறுநாள் ஊர் சிரித்துச் சிரித்துப் பேசியது ஃபாட்ஸைப் பற்றி! எனக்கு மாஸ்கோனி மேல் மரியாதை. ஆனால் ரயிலில் பக்கத்து ஸீட்டுக்கு யார் வேண்டும் என்றால் ஃபாட்ஸைத்தான் சொல்வேன். தெரு நாய் பூனைக்கெல்லாம் தேடித் தேடிச் சோறு போட்ட மனிதர் வேறு.

முகம் மறைக்கிற வித்தையின் பெரிய உதாரணம் பிற்பாடு பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது. எஃப்ரென் ரேயஸ், மணிலாவில் மாமா நடத்திய பூல் கடையில் மேஜை மேலேயே படுத்துத் தூங்கி வளர்ந்த பையன். 1985-இல் அமெரிக்கா வந்தபோது அவர் பெயர் முன்னாடியே வந்து சேர்ந்திருந்தது, முகம் வரவில்லை. ஹூஸ்டனில் ஸீஸர் மொராலெஸ் என்று பினாமி பெயரில் ஆடி, வந்தவர்களையெல்லாம் சுருட்டினார். 1999-இல் சொந்தப் பெயரில் உலக சாம்பியன் ஆனார். அதற்கப்புறம் அவரிடம் எவன் காசு கட்டி ஆடுவான்?

போல்ஸ்கியின் புத்தகத்தில் இன்னொரு விஷயம். பூல் ரூம்கள் ஏன் தேய்ந்தன? போலீஸால் இல்லை, மோசடியாலும் இல்லை. ஒரு காலத்தில் அமெரிக்காவில் கல்யாணமாகாத ஆண்கள் ஏராளம், அவர்களுக்கு வீடு மாதிரி இருந்தது பூல் ரூம். சீக்கிரம் கல்யாணம் செய்துகொள்ள ஆரம்பித்தார்கள், கடை காலியாகிவிட்டது. லாஸிட்டர் கடைசி வரை பிரம்மச்சாரி. 1988-இல் சொந்த ஊரில் இறந்தார்.

ஃபாட்ஸ் 1996-இல் நாஷ்வில்லில் போய்ச் சேர்ந்தார். அவர் கல்லறையில், பூமியில் எல்லா ஜீவனையும் ஜெயித்தாயிற்று, சொர்க்க வாசலில் இருக்கிற புனித பீட்டரே, பந்துகளை அடுக்கும் என்கிற அர்த்தத்தில் எழுதியிருக்கிறதாம். சவடால் மண்ணுக்குள்ளும் தொடர்கிறது!

பழைய ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. எதிராளியை மொட்டையடித்த பிறகு, ஊர் போய்ச் சேர அவன் கையில் கொஞ்சம் காசு வைப்பார்கள். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டேன்.

ஏனென்றால், அன்றைக்கு எண்ணூறையும் மடித்து பாக்கெட்டில் போட்டுக்கொண்டு படி இறங்கப் போன என் லாரி புக்கிங் ஆசாமி, இரண்டு படியிலேயே திரும்பி வந்தார். "பஸ்ஸுக்கு இருக்கா தம்பி?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். இரண்டு பத்து ரூபாய் நோட்டை என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனார். ஆகவே என் நிகர நஷ்டம் 1,230.

அந்த நோட்டைக் கொடுத்துத்தான் பஸ்ஸில் டிக்கெட் வாங்கினேன். மறுநாள் அப்பா டெப்போவில் தேடிக் கண்டுபிடித்தது, எனக்குச் சில்லறை எண்ணிக் கொடுத்த அந்தக் கண்டக்டரைத்தான்.