உங்களுக்குத் தெரியுமா? மூன்று சொக்கலிங்கமும் ஒரு விருத்தாசலமும்

● திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் படித்து 1931-இல் பி.ஏ. தேறியபோது சொ. விருத்தாசலத்துக்கு வயது 25. தகப்பனார் ஓய்வுபெற்ற தாசில்தார். பிள்ளையோ சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகாமல், பத்திரிகை வேலை தேடிப் பட்டணத்துக்குப் போனார். ‘புதுமைப்பித்தன்’ என்றால்தான் நமக்கு ஆள் விளங்கும்.

● அந்தத் தாசில்தாரின் பெயர் சொக்கலிங்கம் பிள்ளை. 1933-இல் மகனின் ‘குலாப்ஜான் காதல்’ வெளிவந்த ‘காந்தி’ பத்திரிகைக்கு ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம். மகன் கொஞ்ச காலம் வேலை பார்த்த காரைக்குடி ‘ஊழியன்’ ஆசிரியர் ராய. சொக்கலிங்கம். தெற்கத்திச் சீமையில் தடுக்கி விழுந்தால் ஒரு சொக்கலிங்கத்தின் மேல்தான் விழ வேண்டும் போலிருக்கிறது!

● டி.எஸ். சொக்கலிங்கம் தென்காசிக்காரர். 1911-இல் கலெக்டர் ஆஷ் மணியாச்சியில் சுடப்பட்ட வழக்கில் சிக்கியவர்களில் அவருடைய அண்ணனும் ஒருவர். டால்ஸ்டாயின் மகா நாவலைப் ‘போரும் வாழ்வும்’ என்று தமிழாக்கியதும் இதே சொக்கலிங்கம்தான்.

● 1934 செப்டம்பர் 11, பாரதி நினைவு நாளன்று ‘தினமணி’ பிறந்தது. ஆசிரியர், தென்காசி சொக்கலிங்கம். நெல்லைக்காரர் புதுமைப்பித்தனுக்கு அங்கே உதவியாசிரியர் நாற்காலி கிடைத்தது. ‘மணிக்கொடி’ இதழில் எழுதியது பேர் வாங்கித் தந்ததே தவிர, அடுப்பெரியக் காசு தரவில்லை. மாதச் சம்பளம் என்று ஒன்றைப் பார்க்க நாளிதழுக்குத்தான் வர வேண்டியிருந்தது.

● நாளிதழில் உதவியாசிரியர் என்றால் பாதி வேலை மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் வந்து குவியும் தந்திச் செய்திகளை, அச்சுக்கோப்பவர் கை காத்திருக்கையிலேயே தமிழாக்கித் தள்ள வேண்டும். ஐரோப்பா கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. அதே புதுமைப்பித்தன்தான் முசோலினியைப் பற்றிப் ‘பாஸிஸ்ட் ஜடாமுனி’ எழுதினார். ஹிட்லரைப் பற்றிய ‘கப்சிப் தர்பார்’ இன்னொருவரோடு சேர்ந்து எழுதியது. சர்வாதிகாரிகளுக்கு இப்படிப் பேர் வைக்கத் திருநெல்வேலிக் குசும்பு வேண்டும்!

● எழுதிப் பிழைக்கிறவன் வீட்டுத் தரித்திரம் எப்படியிருக்கும் என்று பார்க்க வேண்டுமா? புதுமைப்பித்தனின் ‘ஒரு நாள் கழிந்தது’ (1937) கதையில் வரும் முருகதாசரைப் பாருங்கள். எழுத்தாளர், கடன்காரர், அலமுவின் அப்பா.

● நெல்லையில் படித்துப் பத்திரிகைக்குப் போகும் இந்தத் தடத்தில் பாரதியும் போனவரே. நெல்லை இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தவர், 1904-இல் ‘சுதேசமித்திர’னில் உதவியாசிரியர் ஆனார்.

● 1943-இல் நிர்வாகத்தோடு மனத்தாங்கல் வந்து டி.எஸ். சொக்கலிங்கம் தினமணியை விட்டு வெளியேறினார். புதுமைப்பித்தன் உட்பட ஆசிரியர் குழுவில் பலரும் கூடவே வெளியே வந்தார்கள். அடுத்த ஆண்டு ‘தினசரி’ தொடங்கியது. ஆசிரியர் அதே சொக்கலிங்கம்.