டிரெஸ்டன் நகரில் ஒரு நாள்

பேர்லினிற் காலையில் புகையிரதம் ஏறுவோர் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் டிரெஸ்டன் நகரை அடைவர். எல்பே ஆற்றங்கரையிலுள்ள இந்நகர் சக்சனி நாட்டு மன்னரின் தலைநகராய்த் திகழ்ந்தது. சுவிங்கர் மாளிகையில் இரஃபேல் தீட்டிய புகழ்பெற்ற மடோனா ஓவியத்தையும், அரண்மனைத் தொகுதியின் வெளிச்சுவரில் 102 மீற்றர் நீளத்துக்குப் பீங்கான் ஓடுகளால் அமைந்த அரசர் ஊர்வலத்தையும் ஒரே நாளிற் கண்டு திரும்பலாம். ஆயினும், நகரின் கதையை முழுதுஞ் சொல்வது பிரௌவன்கிர்க்கே என்னும் தேவாலயமே.

அதன் சுவரை உற்று நோக்குவோர்க்கு ஓர் ஐயம் எழும். வெளிறிய கற்களுக்கிடையே கரிய கற்கள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடப்பதேன்?

கியோர்க் பேர் என்னும் சிற்பி வகுத்த அமைப்பின்படி 1726இல் தொடங்கி 1743இல் நிறைவுற்றது இவ்வாலயம். இதன் பெருங் குவிமாடமும் கல்லாலானதே. 1945 பெப்ரவரி 13ஆம் நாளிரவு நேசநாட்டு விமானங்கள் நகரின்மீது குண்டுமாரி பொழிந்தன. அத்தாக்குதல்களில் ஏறத்தாழ 25,000 பேர் மாண்டனர். ஆலயம் உடனே விழவில்லை. உள்ளே பற்றிய தீயின் வெம்மையால் தூண்கள் வலியிழக்க, 15ஆம் நாட் காலையிற் குவிமாடம் சரிந்தது.

கிழக்கு ஜேர்மனி இருந்த காலமெல்லாம் அவ்விடிபாடு போரின் நினைவுச் சின்னமாய் நின்றது. இரு ஜேர்மனிகளும் 1990இல் இணைந்தபின், ஆலயத்தை மீண்டும் எழுப்புவதா, இடிபாட்டையே சாட்சியாக விடுவதா என்ற வாதம் எழுந்தது. கட்டியோர் இரண்டையும் விட்டாரல்லர். 1994இல் தொடங்கிய பணியில், இடிபாட்டிலிருந்து எடுத்த 3,500இற்கும் மேற்பட்ட பழங் கற்களை முகப்பிற் சேர்த்தனர். கரியவை அக்கற்களே. மணற்கல்லிலுள்ள இரும்பும் காற்றின் மாசும் காலப்போக்கில் அவற்றைக் கறுக்கச் செய்தன.

2005 ஒக்டோபர் 30ஆம் நாள் ஆலயம் மீண்டும் திறக்கப்பெற்றது. குவிமாடத்தின் உச்சியிலுள்ள பொற்சிலுவை பிரித்தானிய மக்களின் கொடை. அதனைச் செய்த இலண்டன் பொற்கொல்லர் அலன் சிமித்தின் தந்தை, அத்தாக்குதலிற் பங்குகொண்ட விமானிகளுள் ஒருவர். இடிபாட்டிற் கிடைத்த பழைய சிலுவை, வளைந்து கருகியவாறே, ஆலயத்தினுள் வைக்கப்பட்டுள்ளது.

புதிய கற்களும் காலப்போக்கிற் கறுக்கும். அப்போது பழையது எது, புதியது எது என்று சுவரைப் பார்த்து அறிதல் அரிதாகும். சுவர் இன்று காட்டுவதை அன்று மனிதரே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.