உங்களுக்குத் தெரியுமா? – டார்ச் பவளம்: வளர்ப்பதும் பெருக்குவதும்

கல் தண்டின் உச்சியில் பொன்னிறத்திலோ பச்சையிலோ விரல் நீள இழைகள். ஒவ்வோர் இழையின் நுனியிலும் மின்னும் ஒரு குமிழ். கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் பலர் ஏங்கும் பவளம் இந்த டார்ச். இந்த வாரத் துணுக்குகள் முழுக்க இதைப் பற்றித்தான். வெட்டிப் பெருக்கும் முறைக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன். தொட்டியிலேயே ஒரு கிளை வளர்ந்தால், கடலில் ஒரு கிளையை உடைக்கும் தேவை குறைகிறது.

● பவளம் செடியும் இல்லை, கல்லும் இல்லை, விலங்கு. 1720களில் பிரான்ஸின் மர்செய் நகரைச் சேர்ந்த மருத்துவர் பெய்ஸோனல், பவளத்தின் ‘பூக்கள்’ உண்மையில் உயிரினங்கள் என்று கண்டு எழுதினார். பாரிஸ் அறிவியல் கழகம் நம்பவில்லை. அங்கே அதை எடுத்துச் சொன்ன ரெயோமூர், எழுதியவருக்கு அவமானம் வரக் கூடாது என்று அவர் பெயரையே வெளியிடவில்லை.

● டார்ச் பவளத்தை 1821இல் அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்த இருவரில் ஒருவர் ஜெர்மன் கவிஞர் சமிசோ. தன் நிழலை விற்றுவிட்ட மனிதனின் கதையை எழுதியவர் அவர்தான். ‘ரூரிக்’ என்ற ரஷ்யக் கப்பலில் 1815 முதல் 1818 வரை உலகைச் சுற்றிவந்தபோது, கப்பலின் இயற்கை ஆய்வாளர் அவர். டார்ச்சின் அறிவியல் பெயர் யூஃபிலியா கிளாப்ரெசென்ஸ்.

● டார்ச்சுக்குச் சமையல்காரர்கள் உடம்புக்குள்ளேயே இருக்கிறார்கள். அதன் சதைக்குள் குடியிருக்கும் ஒற்றைச் செல் பாசிகள் ஒளியைக் கொண்டு சர்க்கரை தயாரித்துப் பெரும்பகுதியைப் பவளத்துக்கே கொடுத்துவிடுகின்றன. பாசிகளுக்குக் கிடைப்பது தங்க இடமும் பவளத்தின் கழிவிலிருந்து உரமும். தண்ணீர் அதிகம் சூடானால் இந்த உறவு முறிகிறது. பாசிகள் வெளியேற, பவளம் வெளுக்கிறது. 25, 26 டிகிரி செல்சியஸில் தண்ணீரை வைத்துக்கொண்டால் கவலை இல்லை. வெயில் ஊர்களில் இதற்குச் சில்லர் என்ற நீர் குளிர்விப்பான் இல்லாமல் முடியாது.

● நீல விளக்கின் கீழ் டார்ச் ஒளிர்வதற்குக் காரணம் ஒளிரும் புரதங்கள். 1962இல் ஷிமோமுரா ஜெல்லிமீனில் கண்டெடுத்த பச்சைப் புரதத்தின் உறவுக் கூட்டம் இவை. அந்த ஆராய்ச்சிக்கு 2008இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. தானாக வெளிச்சம் உமிழாத பவள இன உயிர்களிலும் இந்தப் புரதங்கள் உண்டு என்று 1999இல் காட்டியவர்கள் ரஷ்ய ஆய்வாளர்கள். இன்று உலகெங்கும் சோதனைக்கூடங்களில் பயன்படும் சிவப்புப் புரதம் ஒன்று அப்படிக் கிடைத்ததுதான்.

● ஒளி அதிகமானால் டார்ச் அதிகம் வளரும் என்பது தப்புக்கணக்கு. ஒளியை அளக்கும் ‘பார்’ மீட்டரில் 80 முதல் 150 வரை காட்டும் இடம் போதும். புதிதாக வாங்கியதைத் தொட்டியின் அடித்தளத்தில் வைத்து, சில வாரங்களில் படிப்படியாக மேலே ஏற்றுவது நல்லது.

● நீரோட்டம் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம். இழைகள் எல்லாத் திசையிலும் மெதுவாக அலைந்தால் சரி. ஒரே பக்கம் சாய்ந்து நின்றால் ஓட்டம் நேராக அடிக்கிறது என்று பொருள். கல் தண்டின் கூர்மையான விளிம்பில் சதை உராய்ந்து கிழியும். அந்தக் கிழிசல்தான் பெரும்பாலான நோய்களுக்கு வாசல்.

● அழகான அந்த இழைகள் முழுக்கக் கொட்டும் செல்கள். பவளத்தின் தூரத்துச் சொந்தமான ஹைட்ராவில் அளந்து பார்த்ததில், முள் பாய்ந்து வெளியேற ஆன நேரம் 700 நானோ நொடி. விலங்குலகின் அதிவேக அசைவுகளில் ஒன்று இது. போதாக்குறைக்கு, டார்ச் ராத்திரியில் வழக்கத்தைவிட நீண்ட இழைகளை வீசி அக்கம்பக்கத்தைத் தீண்டும். பகலில் எவ்வளவு விரிகிறது என்று பார்த்து இடைவெளி விட்டால் ஏமாந்துபோவோம். சுற்றிலும் 15 முதல் 20 சென்டிமீட்டர் காலியாக இருக்கட்டும்.

● ஹேமர், ஃப்ராக்ஸ்பான் என்ற இரண்டு பவளங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பக்கத்துப் பக்கத்தில் வாழும். டார்ச் பக்கத்தில் வந்தால் அவை பொசுங்கிப்போகும். வளர்ப்பவர்களுக்கு இது ரொம்ப நாளாகத் தெரியும். மூன்றும் ஒரே பேரினம் என்றுதான் புத்தகங்கள் சொல்லிவந்தன. 2017இல் மரபணுவையும் இனப்பெருக்க முறையையும் சேர்த்துப் பார்த்தவர்கள் ஹேமரையும் ஃப்ராக்ஸ்பானையும் ஃபிம்ப்ரியாஃபிலியா என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றினார்கள். டார்ச் பழைய இடத்திலேயே இருக்கிறது.

● கடல் சாமந்தி இல்லாத தொட்டியில் கோமாளி மீன் டார்ச்சையே வீடாக்கிக்கொள்வது உண்டு. பார்க்க அழகுதான். ஆனால் மீன் புரண்டு புரண்டு படுப்பதில் சிறிய டார்ச் விரியாமலே கிடக்கும். இழைகள் சூழ்ந்த தலைகள் நாலைந்தாவது வந்த பிறகு அந்த உறவை அனுமதிக்கலாம் என்பது என் கருத்து.

● டார்ச் தன் எலும்பைக் கட்டுவது கால்சியம் கார்பனேட்டால். தண்ணீரிலிருந்து 20 பி.பி.எம். கால்சியம் எடுக்கும்போது, கூடவே காரத்தன்மையில் 2.8 டி.கே.எச். குறைகிறது. கடல்நீரில் கால்சியம் ஏறத்தாழ 420 பி.பி.எம்.; காரத்தன்மை 7 டி.கே.எச்.தான். ஆகவே கால்சியம் லேசாக இறங்குவதற்குள் காரத்தன்மை பாதாளத்துக்குப் போய்விடும். அடிக்கடி அளக்க வேண்டியது எது என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

காரத்தன்மை எட்டா, ஒன்பதா என்று சண்டை போடுவதைவிட, எட்டு என்றால் எட்டிலேயே நிற்க வைப்பது முக்கியம். இன்று 7, நாளை 10 என்று ஆடும் தொட்டியில் டார்ச் முதலில் இழைகளைச் சுருக்கும். பிறகு சதை தண்டிலிருந்து மேல்நோக்கி விலகும். பிறகு எலும்பு வெள்ளையாகத் தெரியும். தினமும் ஒரே நேரத்தில் அளந்தால்தான் எவ்வளவு செலவாகிறது என்று தெரியும். காலையில் ஒரு நாள், ராத்திரியில் ஒரு நாள் என்று அளந்தால் கணக்கு நிற்காது.

● பளிங்கு போன்ற சுத்தமான தண்ணீர் டார்ச்சுக்கு ஆகாது. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமானால் வெளிறி மெலிகிறது. நைட்ரேட் 5 முதல் 15 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் சதை கொழுகொழுவென்று இருக்கும்.

● தொட்டியிலிருந்து ஆவியாவது தண்ணீர் மட்டுமே. உப்பு அங்கேயே இருக்கும். குறைந்த அளவை உப்புநீரால் நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். உப்பு நீக்கிய நல்ல தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும்.

● டார்ச் சாப்பிடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறீர்களா? பம்பை நிறுத்திவிட்டு, உறைநிலையிலிருந்து இளக்கிய மைசிஸ் இறால் ஒன்றை நீண்ட பிப்பெட்டால் இழைகள் மேல் மெதுவாக விடுங்கள். தொட்ட இழை ஒட்டிக்கொள்ளும். அடுத்த இழைகள் ஒவ்வொன்றாக அதன் மேல் மடியும். நடுவில், அதுவரை வெறும் கோடாகத் தெரிந்த வாய் உப்பி, உதடு விரித்து, இறாலை வால் நுனி வரை உள்ளே இழுக்கும். எல்லாம் முடியச் சில நிமிடம் ஆகும். வாரத்துக்கு ஒருமுறை, இருமுறை போதும். பெரிய துண்டாகப் போட்டால் ராத்திரியில் கக்கிவிடும். கக்கியதைத் தேடி வரும் தொட்டி இறால்கள் வாய்க்குள் கைவிட்டுச் சதையையும் கிழிக்கும்.

● டார்ச் தானே இரண்டாகும். முதலில் தலை வட்டமாக இருந்து நீள்வட்டமாகும். ஒரு வாய் இரண்டு வாய் ஆகும். நடுவே சதை இடுங்கி, கீழே எலும்பும் கவையாகப் பிரியும். இரண்டு தனித்தண்டுகளாகி நடுவில் வெற்று எலும்பு தெரியும் வரை கத்தியை எடுக்காதீர்கள். இரண்டு வாய் வந்ததுமே வெட்டுவது பேராசை. பல நேரம் இரண்டும் போய்விடும்.

● முருங்கைப் போத்தை எங்கே வெட்டி ஊன்றினாலும் துளிர்க்கும். டார்ச் அப்படி இல்லை. உயிர் இருப்பது உச்சியில் உள்ள தலையிலும், அங்கிருந்து தண்டின் வெளிப்பக்கமாக இறங்கும் மெல்லிய சதைப் பட்டையிலும் மட்டும்தான். அதற்குக் கீழே இருப்பது பழைய எலும்பு. சதையின் கடைசி விளிம்பிலிருந்து குறைந்தது இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கீழேதான் வெட்டு விழ வேண்டும்.

வெட்டும் முன் பவளத்தைத் தண்ணீருக்குள் வைத்தே மெல்ல அசைத்துச் சுருங்க வையுங்கள். விரிந்த டார்ச்சை அப்படியே வெளியே தூக்கினால், நீர் நிறைந்த சதை தன் கனத்திலேயே கிழியும். நன்றாகச் சுருங்கி, இழைகள் எலும்புக் கிண்ணத்துக்குள் அடங்கிய பிறகு எடுக்கலாம். எலும்பு வெட்டும் கத்தரியால் சிலர் நறுக்குகிறார்கள். நறுக்கென்று அழுத்தும்போது தண்டு நீளவாக்கில் பிளந்து, விரிசல் தலை வரை ஓடுவது உண்டு. தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கும் வைரப்பட்டை ரம்பம் இதைவிட நிதானமானது. கண்ணாடி, கையுறை, முகக்கவசம் மூன்றும் கட்டாயம். எலும்புத் தூளோடு பவளத்தின் கோழையும் தெறிக்கும்.

வெட்டியதும், தொட்டித் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் எடுத்து அதில் தூள் போக அலசுங்கள். இன்னொரு கிண்ணத்தில் அயோடின் கலந்து, புட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு முக்கி எடுங்கள். பிறகு மெதுவான ஓட்டமும் மிதமான வெளிச்சமும் உள்ள மூலை. சதையில் படாமல் வெட்டியிருந்தால் ஓரிரு நாளில் பழையபடி விரிந்துவிடும். தாய்க் கொத்தையும் அதே கவனத்தோடு பாருங்கள். பலர் குட்டியைப் பார்த்துக்கொண்டு தாயைக் கோட்டை விடுகிறார்கள்.

● வெட்டிய கிளையைப் பீங்கான் வில்லையில் ஒட்டுவது சூப்பர் க்ளூ ஜெல்தான். அதில் இருப்பது 1942இல் தற்செயலாக அகப்பட்ட சயனோஅக்ரிலேட்; ஈரம் பட்டால் இறுகும் தன்மை உடையது. தண்ணீருக்குள் ஒட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான பசை உண்டா?

● டார்ச் வளர்ப்பவர்களை மிகவும் அச்சுறுத்துவது பழுப்புக் கூழ் நோய். காலையில் விரிந்திருந்த தலை, மாலையில் பழுப்பு நிறக் கூழாகித் தொங்கும். கூழை நுண்ணோக்கியில் பார்த்தால் நுண்மயிர் கொண்ட ஒற்றைச் செல் உயிரிகள் மொய்த்துக்கொண்டிருக்கும். பார்த்தவுடன் செய்ய வேண்டியது பம்பை நிறுத்துவது. இல்லாவிட்டால் கூழ் பறந்து அடுத்த தலைகளில் உட்காரும். குழாயால் கூழை உறிஞ்சி வெளியே கொட்டுங்கள். கொத்தையே எடுத்து, நோய் பிடித்த கிளையை வெட்டி எறியுங்கள். மீதத்தை அயோடினில் முக்கித் தனித் தொட்டியில் வையுங்கள். ‘நாளை பார்க்கலாம்’ என்றால் நாளைக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது.

● நெருக்கடி முற்றினால் பவளம் தன் எலும்பை விட்டுவிட்டு மிதந்து வெளியேறும். தப்பிக்கும் இந்த முறை அறிவியல் ஏட்டில் 1982இல் பதிவானது. டார்ச்சும் இதைச் செய்யும். அப்படி வெளியேறிய தலை மறுபடி கல்லைக் கட்டிப் பிழைப்பது அபூர்வம்.

● ஹேமர் வகையில் ஆண் கொத்து வேறு, பெண் கொத்து வேறு; முட்டையையும் விந்தையும் தண்ணீரில் விட்டுவிடும். டார்ச் இருபாலி. குஞ்சுகளை உடம்புக்குள்ளேயே வைத்து வளர்த்து, பாசியையும் சீதனமாகக் கொடுத்து வெளியே அனுப்பும். வீட்டுத் தொட்டியில் அந்தக் குஞ்சுகள் பம்பிலும் வடிகட்டியிலும் போய்விடுகின்றன. அதனால்தான் வெட்டிப் பெருக்குவதே நமக்கு வழி.

● உயிருள்ள பாறையும் காற்றுக் குமிழியும் வெளிச்சமும் இருந்தால் கண்ணாடித் தொட்டியில் பவளம் வாழும் என்று 1961இல் எழுதிக் காட்டியவர் ஜகார்த்தாவின் லீ சின் எங். டார்ச் விளையும் கடல்களில் ஒன்று அவருடைய நாடான இந்தோனேசியாவின் கடல்.

அதே இந்தோனேசியா 2018இல் பவள ஏற்றுமதியை நிறுத்தியது. 2020 தொடக்கத்தில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் வெளிநாட்டுத் தொட்டிகளுக்குப் புதிய டார்ச் வரத்து சுருங்கியது. வீட்டில் வெட்டிப் பெருக்கிய கிளைகளின் மதிப்பு பலருக்கு அப்போதுதான் புரிந்தது.

● இந்தியாவில் இருப்பவர்கள் கவனிக்க: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் கல் பவளங்கள் சேர்ந்துவிட்டன. நம் கடலிலிருந்து ஒரு துண்டு எடுப்பதும் குற்றம். அது செத்த துண்டாக இருந்தாலும் குற்றம்தான். வெளிநாட்டுப் பவளங்களுக்கும் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உயிரின வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாடு உண்டு. கடைக்காரர் வாய்வார்த்தையை நம்ப வேண்டாம். வனத்துறையிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

● மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தார்கள். அங்கிருந்த 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் அந்தக் கடலடியில் காங்கிரீட் சட்டங்களை இறக்கி, பவளக் கிளைத் துண்டுகளைக் கட்டி வளர்க்கிறார்கள். தொட்டியில் செய்யும் அதே வேலை, உரிய அனுமதியோடு, கடலுக்காக.

● பெருக்கிய டார்ச்சை நண்பருக்குக் கொடுத்தனுப்பும்போது வில்லையை ஒரு தெர்மாகோல் துண்டில் பொருத்தி, நீர் நிறைத்த பைக்குள் மிதக்க விடுங்கள். தலை கீழ்நோக்கித் தொங்கும். இழைகள் பையின் அடியில் நசுங்காது. கல் விளிம்பில் உராயாது. அனுப்புவதற்கு முந்தைய நாள் இரை போட வேண்டாம். வழியில் கக்கினால் அந்தக் கொஞ்சத் தண்ணீர் கெட்டுவிடும்.