ஸ்கோப்பை உடைக்கும் முன்னோக்கிய உதை

"ஏர் ரைபிள்தானே, அதுல என்ன பெரிய உதை இருந்துடப் போகுது?" என்று கேட்பவரா நீங்கள்? வேட்டைத் துப்பாக்கியில் வருஷக்கணக்கில் உழைத்த ஸ்கோப், ஸ்பிரிங் பிஸ்டன் வகை ஏர் ரைபிளில் மாட்டியதும் பழுதாகிப் போவது உண்டு.

காரணம் உள்ளே ஓடும் பிஸ்டன். டிரிகரை அழுத்தியதும் அது முன்னால் பாய்கிறது. உந்தம் மாறக் கூடாதே, அதனால் ரைபிள் பின்னால் நகர்கிறது. முனையில் அமுங்கிய காற்று பிஸ்டனைச் சட்டென நிறுத்தும்போது ரைபிள் முன்னால் வெட்டி இழுக்கிறது. பின்னோக்கிய உதையை மட்டும் மனசில் வைத்துக் கட்டிய ஸ்கோப்புக்கு இந்த இரண்டாவது அடிதான் ஆபத்து. லென்ஸ் இளகும், குறுக்குக்கோடு நகரும்.

ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் 300 மாடலில் ரைபிளின் இயங்கு பகுதி முழுவதையுமே தண்டவாளத்தில் சறுக்க விட்டார்கள். அது விலை கூடின வழி. டயானாவின் இஸட்-ஆர் மாதிரியான மவுண்ட்கள் ஸ்கோப்பை மட்டும் சறுக்க விடுகின்றன. வைப்ரேஷன் பேப்பரில் படித்த ஐசொலேஷனேதான்: ஸ்பிரிங் மென்மையாக இருந்தால் அடியின் உச்சம் ஸ்கோப்புக்குப் போய்ச் சேராது.

"நகர்ற ஸ்கோப்பை வச்சு எப்படிக் குறி பார்க்கிறது?" நியாயமான கேள்விதான். ஆனால் ஸ்கோப் பெல்லட்டை வழிநடத்துவதில்லை; குழல் எங்கே பார்க்கிறது என்று சுடும் முன்பு காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. அடுத்த குறிக்கு முன்னால் பழைய கோணத்துக்குத் திரும்பினால் போதும். உராய்வால் குழலின் நீளவாட்டில் அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் ஒன்றும் ஆகாது.

கோணம் மாறினால்தான் சிக்கல். சறுக்கும் கம்பியைத் தாங்கும் இரண்டு இடங்களுக்கும் நடுவே 100 மி.மீ. என்று வையுங்கள். ஒரு முனை 0.01 மி.மீ. மேலே எழும்பினால் 25 மீட்டரில் குறி 2.5 மி.மீ. விலகும். 0.05 என்றால் 12.5 மி.மீ. பெல்லட்டின் விட்டமே 4.5 மி.மீ.தான்!

நீண்டகாலத்தில் மவுண்ட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது இந்த இடைவெளிதான், ஸ்பிரிங் அல்ல என்பது என் கருத்து. ஒழுங்காக வடிவமைத்த ஸ்பிரிங், ஃபடீக் எல்லைக்குள்ளேயே வேலை செய்யும். ஸ்கோப்பின் எடைமையமோ கம்பிக்கு மேலே இருக்கிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு திருப்புவிசை வந்து, ஒரு முனையை மேலும் மறுமுனையைக் கீழும் அமுக்குகிறது. எஃகுக் கம்பி நேரடியாக அலுமினியத் துளையில் ஓடினால், துளைதான் முதலில் முட்டை வடிவமாகும். தூசி கலந்த கிரீஸ் அரைக்கும் பசையாகவே மாறிவிடும். அதனால் உயரம் குறைந்த ரிங், எடை குறைந்த ஸ்கோப், தாங்கிகளுக்கு இடையே அதிக தூரம், இந்த மூன்றும் மவுண்ட்டின் ஆயுளைக் கூட்டும். இன்னொன்று: ஸ்கோப்பின் எடை இப்போது ரைபிளோடு ஒட்டியில்லை. 3.5 கிலோ ரைபிள் கையில் கொஞ்சம் கூடுதலாகவே ஆடும், அதற்கும் பழகிக்கொள்ளணும்.

தேய்மானத்தைச் சோதிக்க மெட்ராலஜி லேபில் இருக்கும் டயல் கேஜ் போதும். (மவுண்ட்டை மட்டும் எடுத்துப் போங்க, ரைபிளைக் கேம்பஸுக்குக் கொண்டுபோய் வம்பை விலைக்கு வாங்காதீங்க.) அடிப்பாகத்தை வைஸில் பிடித்து, மேல்தட்டின் ஒரு முனையை விரலால் தூக்கியும் அமுக்கியும் பாருங்கள். முள் எவ்வளவு ஆடுகிறது என்று புது மவுண்ட்டிலேயே குறித்து வையுங்கள். சில ஆயிரம் ஷாட் கழித்து அதே அளவை எடுத்தால், குழு விரிந்ததற்குக் காரணம் மவுண்ட்டா, கையா என்று தெரிந்துவிடும்.